மோச்சே ஈம முகமூடி: உலோகம், கல்லறை, ஆவணம்

ஐரோப்பிய ஏலப் பட்டியல் ஒன்றில் "மோச்சே ஈம முகமூடி, பொன்முலாமிட்ட செம்பு, பெருவின் வடகடற்கரை, கி.பி. 200–600, தனியார் தொகுப்பிலிருந்து" என்ற குறிப்போடு ஒரு பொருள் வந்திருப்பதாகவும், அது அசல்தானா, அசல் என்பதை எப்படி அறிவது, தொகுப்பாளர் ஒருவர் அதை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொருள் பெருவை விட்டு எப்போது, யார் மூலம், எந்த அனுமதியோடு வெளியேறியது என்பதைக் காட்டும் பழைய ஆவணம் இல்லாதவரை வாங்காதீர்கள். அறநெறி பேசுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த வகைப் பொருளில் அசல் என்பதற்கான தடயமும் கல்லறையிலிருந்து களவாடப்பட்டது என்பதற்கான தடயமும் பெரும்பாலும் ஒரே களிம்புப் படலத்தில்தான் படிந்திருக்கின்றன. ஆகவே ஆய்வகச் சோதனையில் முகமூடி எவ்வளவு நன்றாகத் தேறுகிறதோ, அவ்வளவுக்கு அதன் உடைமை வரலாறு குறித்த கேள்வி கடுமையாகிறது.

மோச்சே பண்பாடு, ஆண்டிஸ் மலையிலிருந்து பசிபிக் கடலை நோக்கி இறங்கும் ஆறுகளின் பள்ளத்தாக்குகளில், ஏறத்தாழ கி.பி. 100க்கும் 800க்கும் இடைப்பட்ட காலத்தில் செழித்தது. வடக்கே பியூரா, லம்பாயேக்கே, ஹேகெத்தேபெக்கே, தெற்கே சிக்காமா, மோச்சே, விரூ, சாந்தா ஆகிய பள்ளத்தாக்குகள் அதன் களம். மழையே அரிதான அந்தப் பாலை நிலத்துக்கு வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுவந்து, மக்காச்சோளமும் பருத்தியும் நிலக்கடலையும் விளைவித்தவர்கள், வெயிலில் உலர்த்திய மண் செங்கற்களைக் கோடிக்கணக்கில் அடுக்கி மாபெரும் மேடைக் கோயில்களையும் எழுப்பினார்கள். துரூஹியோ நகருக்கு அருகிலுள்ள சூரிய மேடும் சந்திர மேடும் அவற்றில் பெயர்பெற்றவை. எழுத்து அவர்களிடம் இருக்கவில்லை. அரசர் பெயர், வமிசம், போர் ஆண்டு எதுவும் நமக்குக் கிடைக்காத நிலையில், மண்பாண்டங்களின் மீதுள்ள ஓவியங்கள், கோயில் சுவர்களின் புடைப்புருவங்கள், கலையாத கல்லறைகள் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத்தான் அறிஞர்கள் அவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்த மூன்றில் கல்லறையே மிக எளிதில் அழியக்கூடியது. அழிந்தால் மீண்டும் கிடைக்காததும் அதுவே.

ஈம முகமூடி என்ற சொல்லே சந்தையில் சற்று தாராளமாகப் புழங்குகிறது. இறந்தவரின் முகத்தை உலோகத்தால் மூடும் வழக்கம் மோச்சே உயர்குடியினரிடையே இருந்தது உண்மை. ஆனால் அது ஒரே வடிவில் இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டு லம்பாயேக்கே பள்ளத்தாக்கின் சிபான் சிற்றூரில் வால்டர் ஆல்வா தலைமையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட "சிபான் பிரபு" என்பவரின் கல்லறையில், முழு முகமூடிக்குப் பதிலாகக் கண்களுக்கும் மூக்குக்கும் தாடைப் பகுதிக்கும் தனித்தனிப் பொற்தகடுகள் வைக்கப்பட்டிருந்தன. சிக்காமா பள்ளத்தாக்கில் எல் புரூஹோ வளாகத்தில் 2006ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்ட "காவோ சீமாட்டி"யின் முகத்தை மூடியிருந்தது பொன்முலாமிட்ட செம்புக் கிண்ணம். பச்சை குத்திய கைகளோடு, பல அடுக்குத் துணிகளில் சுற்றப்பட்டிருந்த அந்த இளம்பெண்ணின் உடல், மோச்சே ஆட்சியாளர்கள் எல்லோரும் ஆண்களே என்ற பழைய எண்ணத்தைக் கலைத்தது. சான் ஹோசே தே மோரோவில் 1991ஆம் ஆண்டு முதல் அகழப்பட்ட பூசாரிப் பெண்களின் கல்லறைகளிலோ, முகமூடி உடலின் மீதே இல்லை. நாணலால் செய்த சவப்பெட்டியின் வெளிப்புறத்தில் பெரிய உலோக முகமும், கைகளும் கால்களுமாக வெட்டிய தகடுகளும் பொருத்தப்பட்டு, பெட்டியே ஓர் ஆளாக உருவம் பெற்றிருந்தது. சவப்பெட்டிக்குரிய அப்படிப்பட்ட ஒரு முகத்தைக் கல்லறையிலிருந்து பிடுங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டால், அது பிணத்தின் முகத்தில் இருந்ததா, பெட்டியில் இருந்ததா என்று சொல்ல இனி யாராலும் முடியாது. இடைக்கச்சையிலோ தலையணியிலோ கொடியிலோ தைக்கப்பட்டிருந்த சிறிய உலோக முகங்களும் இதேபோல் "ஈம முகமூடி" என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அந்தச் சொல் விலையை ஏற்றுகிறது.

கல்லறையில் ஒரு பொருள் இருந்த இடம் எவ்வளவு பேசும் என்பதற்குச் சிபானிலேயே ஒரு சான்று உண்டு. பிரபுவின் கழுத்தணி பெரிய நிலக்கடலை வடிவ மணிகளால் ஆனது. அவற்றில் பத்து பொன், பத்து வெள்ளி. உடலின் வலப்புறம் பொன்னும் இடப்புறம் வெள்ளியும் வருமாறு அணிவிக்கப்பட்டிருந்தது. வலம்–இடம், பொன்–வெள்ளி என்ற இந்த இரட்டைப் பகுப்பு மோச்சே சிந்தனையில் எவ்வளவு ஆழமானது என்பது, மணிகள் கிடந்த கிடையை ஆய்வாளர்கள் தூரிகையால் மண்ணகற்றிப் பதிவு செய்ததால்தான் தெரிந்தது. அதே மணிகள் ஒரு பையில் அள்ளப்பட்டு வந்திருந்தால் இருபது அழகிய மணிகள் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஹேகெத்தேபெக்கே ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள தோஸ் கபேசாஸில் கிறிஸ்டோபர் டோனன் அகழ்ந்த கல்லறைகளை ஒட்டி, பக்கத்தில் மிகச் சிறிய அறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் துணியில் சுற்றிய ஒரு சிறு செம்பு உருவம், பெரிய கல்லறையில் கிடந்தவரின் குறும்படிவம்போல வைக்கப்பட்டிருந்தது. புதையல் தோண்டுபவன் கையில் அது சிக்கியிருந்தால் "மோச்சே செம்புப் பொம்மை" என்ற ஒற்றை வரியோடு முடிந்திருக்கும்.

இனி உலோகத்துக்கு வருவோம், ஏனெனில் அசல்–போலி வழக்கின் பாதி அங்கேதான் தீர்கிறது. பலர் நினைப்பதுபோல் மோச்சே முகமூடிகள் கெட்டித் தங்கத்தால் ஆனவை அல்ல. பெரும்பாலானவை செம்புத் தகடு, அல்லது செம்போடு பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகக் கலவைத் தகடு. துருத்தி அறியாத அவர்கள், பலர் சேர்ந்து ஊதுகுழலால் ஊதியே உலையின் சூட்டை ஏற்றினார்கள். உருக்கி வார்த்த செம்புக் கட்டியைக் கல் சுத்தியலால் தட்டி, தட்டத் தட்ட இறுகி வெடிப்புவிடும் நிலை வரும்போது பழுக்கக் காய்ச்சி இளக்கி, மறுபடி தட்டி, மிகச் சீரான மெல்லிய தகடாக்கினார்கள். மூக்கும் கன்னமும் உதடும் பின்புறமிருந்து புடைத்து எடுக்கப்பட்டன. காது, காதணி, மூக்கணி ஆகியவை தனித் துண்டுகளாகச் செய்யப்பட்டு, ஒரு தகட்டின் நாக்கை மற்றொன்றின் துளைக்குள் நுழைத்து மடக்கியோ, மெல்லிய கம்பியால் பிணைத்தோ, சில இடங்களில் பற்றவைத்தோ இணைக்கப்பட்டன. கண்ணின் வெண்மைக்குச் சிப்பி, கருமணிக்குக் கல். விழிக்குத் துளை விடாமல் சிப்பிக் கண்ணால் அடைத்த முகமூடியை உயிரோடிருப்பவர் அணிந்து நடமாடியிருக்க முடியாது என்பதை எளிய தர்க்கமே சொல்லிவிடும். செந்நிறச் சிப்பியாகிய ஸ்பாண்டிலஸ் பெருவின் குளிர்ந்த கடலில் வளர்வதில்லை. ஈக்வடார் பக்கத்து வெதுவெதுப்பான கடலிலிருந்து வரவழைக்கப்பட்டது.

முலாம் பூசிய முறைதான் இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி. சற்று நின்று சொல்கிறேன். இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. முதலாவதில், செம்பும் வெள்ளியும் பொன்னும் கலந்த தகட்டைச் சூடாக்கும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு காற்றோடு சேர்ந்து கருகுகிறது. அந்தக் கருக்கைப் புளித்த தாவரச் சாறு போன்ற அமிலப் பொருளால் கழுவுகிறார்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் செம்பு விலகி, பொன்னும் வெள்ளியும் மேலே செறிகின்றன. வெள்ளியையும் அரிக்கும் உப்புக் கலவைகளால் நீக்கிவிட்டால், உள்ளே பெரும்பகுதி செம்பாக இருக்கும் தகடு வெளியே பசும்பொன்னாக மின்னும். மேலே தெரியும் பொன் உள்ளேயும் இருந்தாக வேண்டும் என்பது ஆண்டிய உலோகக் கம்மியரின் அடிப்படை எண்ணம் என்று ஹெதர் லெக்ட்மன் வாதிட்டார். ஆனால் அதே அறிஞரின் குழு, பியூரா பள்ளத்தாக்கின் மோச்சே இடுகாடாகிய லோமா நெக்ராவின் செம்புத் தகடுகளை ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட முடிவு, வேறொரு வழியையும் காட்டியது. அந்தத் தகடுகளின் மீதிருந்த பொற்படலம் அரை மைக்ரானிலிருந்து இரண்டு மைக்ரான் வரையே தடிப்புடையது. அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் அரைப் பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை. அது விளிம்புகளிலும் ஒரே சீராகப் படர்ந்திருந்தது. மின்சாரமே அறியாத காலத்தில் இது எப்படி இயன்றது? படிகாரம், வெடியுப்பு, சாதாரண உப்பு ஆகிய அப்பகுதியில் கிடைக்கும் பொருள்களின் கரைசலில் பொன்னைக் கரைத்து, சோடா உப்பால் அதன் அமிலத்தை முறித்து, தூய்மைப்படுத்திய செம்புத் தகட்டை அதில் இட்டு மெல்லக் கொதிக்கவைத்தால், செம்பு கரைசலுக்குள் போகப் பொன் தகட்டின் மீது வந்து படியும் என்று ஆய்வகத்தில் செய்தே காட்டினார்கள். பிறகு தகட்டைச் சூடாக்கினால் படலம் செம்போடு இறுகப் பற்றிக்கொள்ளும். இது பொருளை ஆராய்ந்து பின்னோக்கி ஊகித்த விளக்கம் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் இன்றுவரை மிக நன்றாகப் பொருந்தும் விளக்கம் என்பது என் கருத்து.

இவ்வளவு மெல்லிய படலம் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு உப்பு மண்ணில் கிடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பொன் அரிபடாது, அடியிலுள்ள செம்பு அரிபடும். படலத்தின் நுண்துளைகள் வழியே செம்பு வெளியேறிப் பச்சைக் களிம்பாகப் பொன்னின் மீதே பரவுகிறது. ஆகவே அகழ்வில் வெளிவரும் மோச்சே முகமூடி பச்சை நிறப் பொருளாகத்தான் வரும். பாதுகாப்பாளர் நுண்ணோக்கியின் கீழ் களிம்பை அகற்ற அகற்றப் பொன் தெரியும். அடிச் செம்பு முற்றிலும் களிம்பாகிவிட்டால், பொன் தாள்போல உதிர்ந்துவிடும். களிம்பில் இன்னொன்றும் நிகழ்கிறது. முகமூடியைத் தொட்டுக்கொண்டிருந்த துணி மட்கும்போது, அதன் நெசவு இழை இழையாகச் செம்பு உப்பில் பதிந்து கல்லாகிவிடுகிறது. நாணல் பாய், இறகு, மரத்தூள் ஆகியவையும் இப்படிப் பதியலாம். இந்தப் பதிவுகள் முகமூடி எந்தத் துணியின் மீது, எத்தனை சுற்றுக்கு இடையே இருந்தது என்பதைச் சொல்லும் ஆவணங்கள். வணிகர்கள் வாங்குபவரின் கண்ணுக்காக அமிலத்தில் இட்டுப் பளபளப்பாக்கும்போது முதலில் அழிவது இதுவே. ஏலப் படத்தில் ஒரு முகமூடி சீராக மின்னினால், அது போலியாக இருக்கலாம். அசலாக இருந்தால் தோலுரிக்கப்பட்ட அசல்.

அடுத்து, மோச்சே என்ற பெயரிலேயே ஒரு குழப்பம் உண்டு. படங்களில் அடிக்கடி காணும், ஏறத்தாழ அரை மீட்டர் அகலமுள்ள, செவ்வகச் சாயலும் சிறகுபோல் வெளிப்புறம் இழுபட்ட கண்களும் கொண்ட, சிவப்பு பூசிய பொன் முகமூடி மோச்சே அல்ல. அது அதே லம்பாயேக்கே பகுதியில் மோச்சேவுக்குப் பிறகு, ஏறத்தாழ கி.பி. 800க்கும் 1375க்கும் இடையே வாழ்ந்த சிகான் பண்பாட்டினுடையது. இசுமி ஷிமாதா 1990களின் தொடக்கத்தில் லோரோ மேட்டில் அகழ்ந்த கல்லறையில் அத்தகைய முகமூடி, தலைகீழாக அமர்த்தி அடக்கம் செய்யப்பட்ட ஒருவருடைய முகத்தின் மீது இருந்தது. அதன் மேலிருந்த சிவப்பு சாதிலிங்கம். அந்த நிறப்பொடியை ஒட்டவைத்த பசையில் மனித இரத்தத்தின் புரதமும் பறவை முட்டையின் புரதமும் இருந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. மோச்சே முகங்களோ அளவில் பெரும்பாலும் மனித முகத்தை ஒட்டியவை. கன்னமும் உதடும் உண்மை முகத்தைப்போல் வடிக்கப்பட்டவை, அல்லது கோரைப் பல்லும் பாம்புத் தலை இடைக்கச்சையும் கொண்ட தெய்வத்துக்கு உரியவை. பட்டியல் எழுதுபவர் இந்த இரண்டையும் பிரித்தறியாமல் "மோச்சே" என்று எழுதியிருந்தால், அவருடைய மற்றக் கூற்றுகளையும் அதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும்.

போலிகளைக் கண்டறிவதில் சில வழிகள் உறுதியானவை, சில அவ்வளவு உறுதியற்றவை. எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனை பொருளைச் சேதப்படுத்தாமல் அதன் கலவையைக் காட்டும். அதில் துத்தநாகம் கணிசமாகத் தெரிந்தால் அது பித்தளை. ஆண்டிய பழங்காலத்தில் பித்தளை கிடையாது, எனவே வழக்கு அங்கேயே முடிந்தது. பற்றவைப்பில் காட்மியம் தெரிந்தாலும் அப்படியே. ஆலையில் உருட்டிய நவீனத் தகடு எங்கும் ஒரே தடிப்பாக இருக்கும். கையால் தட்டியதில் எக்ஸ் கதிர்ப் படத்தில் அடித்த தடங்கள் மங்கலும் அடர்வுமாகத் தெரியும். உண்மையான பழைய அரிப்பு உலோகப் பரல்களின் எல்லை வழியே உள்ளே ஊடுருவியிருக்கும். போலிக் களிம்பு மேலே ஒட்டவைத்த பச்சைத் தூள், பல நேரங்களில் பசையோடு. புற ஊதா விளக்கில் அந்தப் பசையும், உடைந்த இடங்களை நிரப்பிய நவீன எபாக்சிப் பிசினும் ஒளிரும். செம்பின் வயதை நேரடியாகச் சொல்லும் கருவி எதுவும் இல்லை. சுட்ட மண்ணுக்குச் செய்யும் வெப்ப ஒளிர்வுச் சோதனை தகட்டுக்குப் பயன்படாது. உண்மையான துணி இழை ஒட்டியிருந்தால் அதைக் கார்பன் முறையில் கணிக்கலாம், ஆனால் பழைய துணியை எடுத்துப் புதிய செம்பில் ஒட்டுவதும் நடக்கும். இவை எல்லாவற்றையும்விடத் தொல்லை தருவது ஒட்டுவேலை. தோண்டியெடுத்த குப்பையில் உடைந்த மோச்சேத் தகடுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன; அவற்றை வெட்டி, வளைத்து, இரண்டு மூன்று பொருள்களின் பகுதிகளைச் சேர்த்து ஒரு முழு முகமாக்கினால், கலவைச் சோதனை, அரிப்புச் சோதனை எல்லாவற்றிலும் அது தேறிவிடும். தேறாதது வடிவம் மட்டுமே. அதற்கு, கல்லறையில் கிடைத்தவற்றை நேரில் கையாண்டு பழகிய ஒருவருடைய கண் தேவை. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் அகழ்வாராய்ச்சியாளர்கள் அல்லது அருங்காட்சியகத்தினர். உடைமை வரலாறு தெரியாத பொருளுக்குச் சான்று எழுதித்தர அவர்கள் மறுப்பார்கள், மறுப்பதும் சரியே.

இந்த முகமூடிகள் சந்தைக்கு வந்த வழி இனி. ஸ்பானியர் காலத்தில் கல்லறை தோண்டுவது சுரங்கத் தொழிலைப்போல நடந்தது. கிடைத்ததில் அரசனுக்கு ஐந்தில் ஒரு பங்கு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோச்சே ஆற்றையே திருப்பிவிட்டுச் சூரிய மேட்டின் பெரும்பகுதியைக் கரைத்தார்கள். அப்போது எடுத்த பொன் உருக்கப்பட்டது. கலைப்பொருளாக வைத்துப் பார்க்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. ஆகவே "நூற்றாண்டுகளாக எங்கள் குடும்பத்தில் இருந்தது" என்று ஒரு மோச்சே உலோக முகத்துக்குச் சொல்லப்படும் கதையை நான் எளிதில் நம்புவதில்லை. இன்று உலகெங்கும் காணும் தனியார் பொருள்களில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தவை. 1960களின் இறுதியில் பியூராவின் லோமா நெக்ரா இடுகாடு தோண்டப்பட்டு, நூற்றுக்கணக்கான பொன்முலாமிட்ட செம்புப் பொருள்கள் சிதறின. அவற்றில் கணிசமானவை இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளன. லெக்ட்மனின் அருமையான ஆய்வு இந்தக் கொள்ளைப் பொருள்களின் மீதுதான் நடந்தது என்பது இந்தத் துறையின் சங்கடமான உண்மை: தகட்டின் தடிப்பு மைக்ரான் கணக்கில் தெரியும், அது எந்தக் கல்லறையில் யாருடைய உடலின் மீது இருந்தது என்பது தெரியாது. 1980களின் இறுதியில் ஹேகெத்தேபெக்கே பள்ளத்தாக்கின் லா மினா கல்லறையும் இதே கதிக்கு ஆளானது. ஆக்டோபஸ் கைகள் விரிந்த புகழ்பெற்ற பொற்தலையணி அங்கிருந்து போனதாகக் கருதப்படுகிறது. அது 2006இல் லண்டனில் காவல்துறையால் மீட்கப்பட்டுப் பெருவுக்குத் திரும்பியது.

சிபானின் கதை எல்லோருக்கும் தெரிந்தது என்றாலும், அதன் ஒரு கிளை தொகுப்பாளர்களுக்கு நேரடிப் பாடம். 1987 பிப்ரவரியில் உள்ளூர்ப் புதையல் தோண்டிகள் அந்த மேட்டில் ஒரு செழிப்பான கல்லறையை உடைத்தார்கள். அங்கே இவர்களை "வாக்கேரோ" என்பார்கள். காவல்துறை தலையிட்டது; மோதலில் ஒருவர் இறந்தார்; எஞ்சிய மேட்டை ஆல்வா காவலோடு அகழத் தொடங்கினார். அதற்குள் போனவை போய்விட்டன. அவற்றில் ஒரு பகுதி லண்டன் வழியாகக் கலிபோர்னியாவுக்குக் கடத்தப்பட்டது. சுங்கத்தில் சொல்லப்பட்ட காரணம், இறந்துபோன தந்தை விட்டுச்சென்ற பழைய உடைமைகள் என்பது. கடத்தலில் பங்குகொண்ட ஒருவரே பின்னர் அதிகாரிகளிடம் உண்மையைச் சொன்னதால் இது வெளிவந்தது. சொல்லாதிருந்தால் அந்தப் பொருள்கள் இன்று "1920களில் பெருவில் பணியாற்றியவரின் தொகுப்பு" என்ற கௌரவமான வரியோடு ஏலத்துக்கு வந்திருக்கும். பட்டியல்களில் இத்தகைய வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பெரு அரசு தொடுத்த வழக்கு 1989இல் கலிபோர்னிய கூட்டாட்சி நீதிமன்றத்தில் தோற்றது. தொகுப்பாளர் ஒருவரிடமிருந்து கைப்பற்றிய 89 பொருள்களையும் அவரிடமே திருப்பித்தர நீதிபதி உத்தரவிட்டார். பொருள்கள் இன்றைய பெருவின் எல்லைக்குள்தான் தோண்டப்பட்டன என்று நிறுவப்படவில்லை, எப்போது வெளியேறின என்று காட்டப்படவில்லை, பெருவின் உடைமைச் சட்டம் போதிய தெளிவாக இல்லை என்பவை அவர் சொன்ன காரணங்கள். மோச்சேக்காரர்கள் இன்றைய நாட்டு எல்லைகளைப் பார்த்து வாழவில்லை என்பதால் முதல் காரணம் சட்டப்படி வலுவானது. அகழ்விடம் தெரியாமல் செய்தவர்களுக்கே அந்த அறியாமை பாதுகாப்பானது என்பதுதான் அதிலுள்ள கசப்பு. வணிகர்கள் சிலர் இன்றும் இந்தத் தீர்ப்பைக் காட்டி ஆறுதல் சொல்வார்கள். அதற்குப் பின் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. 1990 மே மாதத்தில் சிபான் பொருள்களின் இறக்குமதியை அமெரிக்கா அவசர ஆணையால் தடுத்தது. 1997இல் பெருவோடு செய்த ஒப்பந்தம் அந்தத் தடையைக் கொலம்பசுக்கு முந்தைய பெருவின் தொல்பொருள்கள் அனைத்துக்கும் விரித்தது. அது தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அதே 1997இல், சிபானைச் சேர்ந்த, வீரர்கள் இடைக்குக் கீழே பின்புறம் தொங்கவிடும் பெரிய பொற்தகடு ஒன்றைப் பதினாறு லட்சம் டாலருக்கு விற்க வந்தவர்களை, வாங்குபவர்போல் நடித்த புலனாய்வாளர்கள் ஃபிலடெல்ஃபியாவில் பிடித்தார்கள். அது பனாமா நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவரின் காரில் வந்தது. தகடு மறு ஆண்டே பெருவுக்குப் போய்ச்சேர்ந்தது. ஜெர்மனியில் கைப்பற்றப்பட்ட ஒரு சிகான் பொன் முகமூடி, ஏறத்தாழ இருபது ஆண்டுச் சட்டப் போராட்டத்துக்குப் பின் 2018இல் திரும்பியது.

ஆவணம் என்று நான் வற்புறுத்துவது எதை என்பதை விளக்க வேண்டும். பல ஏல நிறுவனங்கள் 1970ஆம் ஆண்டை எல்லைக்கோடாகச் சொல்வது, கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கையின் ஆண்டு என்பதால். அது அருங்காட்சியகங்கள் தமக்கு வைத்துக்கொண்ட நெறி. பெருவின் சட்டம் அதைவிட மிகப் பழையது. விடுதலை பெற்ற கையோடு 1822இலேயே தொல்பொருள் ஏற்றுமதியைத் தடுத்து அந்நாடு ஆணையிட்டது. 1929இல் வந்த 6634ஆம் எண் சட்டம் தொல்லிடங்களையும் அவற்றில் கிடைப்பவற்றையும் அரசின் உடைமையாக்கியது. 2004இல் வந்த 28296ஆம் எண் சட்டம் இப்போது நடப்பில் உள்ளது. ஆகவே 1970க்கு முந்தைய ஒரு புகைப்படம், தேதியிட்ட கண்காட்சிப் பட்டியல், பழைய ஏலச் சீட்டு, காப்பீட்டுக் கடிதம் ஆகியவை உங்கள் நிலையை வலுப்படுத்தும். பெருவின் உரிமைக் கோரிக்கையை அவை முற்றாக அணைத்துவிடாது. "ஐரோப்பியத் தனியார் தொகுப்பு", "1960களில் பெறப்பட்டது" என்ற வெறும் சொற்களுக்கு எந்த மதிப்பும் இல்லை. பெயரும் தேதியும் உள்ள தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் விடை கிடைத்துவிட்டது என்று கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/880 விதிப்படி, 2025 ஜூன் 28 முதல், ஒன்றியத்துக்கு வெளியே தோண்டப்பட்ட, 250 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை உள்ளே கொண்டுவர, விலை எதுவானாலும் இறக்குமதி உரிமம் தேவை. தோன்றிய நாட்டை விட்டுச் சட்டப்படி வெளியேறியது என்பதைக் காட்டாமல் அந்த உரிமம் பொதுவாகக் கிடைக்காது. இன்று வாங்கிவிட்டு நாளை வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால்கூட இந்த விதிகள் உங்களோடு வரும்.

தொலைந்த கலைப்பொருள் தரவுத்தளத்தில் தேடி "பதிவு இல்லை" என்று ஒரு சான்றிதழை நிறுவனம் இணைத்திருக்கலாம். அருங்காட்சியகத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ திருடுபோன பொருளுக்கு அது பயனுள்ளது. மண்ணுக்கடியிலிருந்து திருடியதை யாரும் அதற்கு முன் பார்த்ததே இல்லையே, எப்படிப் பதிவாகியிருக்கும்? கல்லறைப் பொருளுக்கு அந்தச் சான்றிதழ் சொல்வது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மாறாக, அருங்காட்சியகக் கூட்டமைப்பான ஐகாம் 2007இல் பெருவுக்கென்று வெளியிட்ட சிவப்புப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. ஆபத்தில் இருக்கும் பொருள் வகைகளைப் படங்களோடு காட்டுகிறது, பட்டியலில் நீங்கள் கண்டது அவற்றில் ஒன்றை ஒத்திருந்தால் அது தனியாகவே ஓர் எச்சரிக்கை.

வாங்காமல், மரபுரிமையாக இப்படியொன்று உங்களிடமோ உறவினரிடமோ வந்து சேர்ந்திருந்தால் செய்ய வேண்டியவை வேறு. எந்தக் காரணத்துக்காகவும் புளி, எலுமிச்சை, உலோக மெருகுப் பசை எதையும் கொண்டு தேய்க்காதீர்கள். முந்தைய உரிமையாளரின் கடிதம், பெட்டியில் ஒட்டிய சீட்டு, சுற்றியிருந்த பழைய செய்தித்தாள்கூட உடைமை வரலாற்றுக்குச் சான்றாகலாம் என்பதால் எதையும் எறியாதீர்கள். வெளிர்ப்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாக உதிர்ந்தால், உள்ளே இருக்கும் குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். காற்றின் ஈரப்பதம் 35 விழுக்காட்டுக்கு மேல் போகாத மூடிய பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைத்து, உலோகப் பாதுகாப்பாளரை அணுக வேண்டும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடற்கரை நகரங்களின் காற்றில் இந்த அரிப்பு மிக விரைவாகப் பரவும். பிறகு பெருவின் தூதரகத்துக்கு எழுதலாம். தாமாக முன்வந்து ஒப்படைத்தவர்கள் பலர் உண்டு.

மோச்சே முகங்களின் மீதுள்ள ஆர்வத்துக்கு வாங்காமலும் நிறைய வழி இருக்கிறது. லம்பாயேக்கேயில் 2002இல் திறந்த சிபான் அரச கல்லறைகள் அருங்காட்சியகத்தில் பொருள்கள் தோண்டப்பட்ட அடுக்கு வரிசையிலேயே காட்டப்படுகின்றன. மேலே நுழைந்து கீழிறங்கும்போது அகழ்வின் வரிசை கண்முன் வரும். எல் புரூஹோவில் 2009 முதல் காவோ சீமாட்டிக்கென்று தனி அருங்காட்சியகம் உள்ளது. லிமாவின் லார்கோ அருங்காட்சியகம், 1926இல் ரஃபேல் லார்கோ ஓய்லே தொடங்கிய தொகுப்பிலிருந்து வளர்ந்தது, தன் பண்டகசாலையையே பார்வையாளருக்குத் திறந்துவைத்திருப்பதோடு, ஏறத்தாழ 45,000 பொருள்களின் படங்களையும் அளவுகளையும் இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. உங்கள் ஏலப் பட்டியலில் வந்த முகமூடியை அந்த உலோகப் பகுதியோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மூக்கின் புடைப்பு, காதணி இணைந்த விதம், சிப்பிக் கண்ணின் பொருத்தம், விளிம்பின் தைப்புத் துளைகள் ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, நிறுவனத்திடம் முதலில் முகமூடியின் பின்புறப் படத்தையும், அடுத்து 1970க்கு முந்தைய தாளையும் கேளுங்கள்.